பறவ எந்திரிச்சா ஊரு எந்திரிக்கும்

அசையாம ஒக்காருங்க சார். அசைஞ்சா தெப்பம் சாயும். சாஞ்சா நீங்க மட்டும் விளுக மாட்டீக, ஒங்க கேமராவும் சேந்து விளுகும். எனக்கென்ன, நான் நீந்திருவேன். நீந்தத் தெரிஞ்சாலும் இங்கன பிரயோசனமில்ல, அது வேற. மேல ஒரு மொளம் தண்ணி, கீள ஆள முளுங்குற சகதி. போன கோடையில ஒரு எரும எறங்கிருச்சு. கவுறு கட்டி டிராக்டர வச்சு இளுத்தாக. எரும வந்துச்சு, ஒரு கொம்பு வரல. சிரிக்கீக. நெசமாத்தான் சொல்றேன்.

இந்தத் தடத்துல மட்டும்தான் தெப்பம் போகும். கொஞ்சம் விலகுனா சேத்துல சொருகிக்கிரும். இத ஓட்டத் தெரிஞ்சவுக எங்கூர்ல ரெண்டே பேருதான். ஒண்ணு நான். இன்னொருத்தன் இப்ப ஊர்ல இல்ல.

ஃபோனா? இந்த டப்பாவுக்குள்ள போடுங்க. தண்ணி தெறிக்கும். மீன் வாட அடிக்கும், அப்புறம் தொடைச்சுக்கங்க. ம், மூடிட்டேன். எங்கிட்டயே இருக்கட்டும்.

ஐலண்டா? ஒங்க வாயில கேக்க நல்லாத்தான் இருக்கு. நாங்க திட்டுன்னுதான் சொல்லுவோம். கண்மாய் வெட்டயில மண்ண நடுவுல கொட்டி, அதுல கருவேல வளந்து, அதுல பறவ வந்து ஒக்காந்தது. அம்புட்டுத்தான். நீங்க அந்தமான் போயிருந்தீகளா? அங்கனயும் படம் புடிக்கவா? போட்டுல கூட்டிட்டுப் போயி, குட புடிச்சு, எளநி வெட்டிக் குடுத்தாகளா. சரிதான். இங்கன குடையும் கெடையாது எளநியும் கெடையாது. மேலருந்து எச்சம் விளுகும், தொப்பிய மாட்டிக்கங்க.

இல்ல சார், யாரும் பாக்கல. எல்லாரும் கம்பெனி வேனுக்குக் கெளம்புற நேரம். அதுக்குத்தான் இருட்டு பிரியயிலயே வரச் சொன்னேன். பாத்தா விட மாட்டாக. கார்த்திகையில பறவ வந்து எறங்குச்சுன்னா, திரும்பிப் போற வரைக்கும் திட்டுல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. கரையில நின்னு பாக்கலாம், எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். ஒங்களுக்குத் தெரியும்ல, வருசா வருசம் வாரீக. தெரிஞ்சுதான என்னய ரகசியமாக் கூப்புட்டீக.

எறங்குங்க. அந்த வேர் மேல கால வைங்க. இடது கால். ஆங். இந்தப் பொதரு பக்கம் வந்து ஒக்காந்துக்கங்க. மூக்கப் பொத்தாதீக, கொஞ்ச நேரத்துல பளகிரும். இந்த எச்சம் கரைஞ்ச தண்ணிதான் எங்க வயலுக்குப் பாயுது. உர மூட்டை வாங்குறதுல பாதி மிச்சம். அதுனாலதான் ஊரு இதுகள இந்தத் தாங்கு தாங்குது. சும்மா பாசம்னு சொல்லுவாக, பேப்பர்க்காரன் வந்தா அப்பிடித்தான் சொல்லுவாக. பாசமும் இருக்கு, நெல்லும் இருக்கு.

மெதுவாப் பேசுங்க. நான் பேசலாம், எஞ்சத்தம் அதுகளுக்குத் தெரியும்.

இந்தா பாருங்க, தலைக்கு மேல. அலகு நடுவுல இடுக்கு தெரியுதா, மூடுனாலும் மூடாது. நத்தகுத்தி. நத்தைய ஓடு ஒடையாம உருவித் திங்கும். பக்கத்துல நிக்குறது அதோட குஞ்சு, தாயி ஒசரத்துக்கு வந்துருச்சு. அந்த மொட்டக் கொப்புல சட்டைய ஒணத்துன மாதிரி றெக்கைய விரிச்சு வச்சிருக்குல்ல, பாம்புத்தாரா. முங்கி மீனப் புடிச்சிட்டு வந்து இப்பிடித்தான் காயும். அந்தக் கடைசி மரத்துல கூளக்கடா. அது குஞ்சு கத்துறது பண்ணி கத்துற மாதிரி இருக்கும்.

உச்சி வெயில்ல வந்து பாக்கணும் நீங்க. தாயி றெக்கைய விரிச்சு, குஞ்சு மேல நெழலு விளுகுற மாதிரி நிக்கும். வெயிலு நகர நகர அதுவும் நகந்து நிக்கும். இன்னொண்ணு போயி வாய் நெறைய தண்ணி கொண்டாந்து குஞ்சு தலையில ஊத்தும். எங்கம்மா பாத்துட்டு சொல்லுவா, ஏலே, அதுக்கு இருக்குற அறிவு ஒங்கப்பனுக்கு இல்லையேன்னு.

அப்பா இருக்காரு. இருந்தும் இல்ல. விடுங்க.

படிப்பா? பதினொண்ணாவதோட நிறுத்திட்டேன். அம்மாவுக்கு முடியலன்னு நிறுத்துனேன்னு சொன்னா எல்லாரும் பாவம்பாக. பொய் எதுக்கு? கணக்கு வரல, டீச்சருக்கும் என்னயப் புடிக்கல, நின்னுட்டேன். இப்ப வீட்டுல வெடிக்குக் காயிதக் கொளா சுத்துறேன், கண்மாய்ல மீன் புடிக்கிறேன். ஒங்க கம்பெனிக்கும் சுத்தியிருக்கேன். பேரா? கனி. செல்லக்கனி.

அம்புட்டுத்தானா? சரி சார்.

இல்ல, எங்கூர்ல பேரக் கேட்டா அடுத்து யாரு மகளுன்னு கேப்பாக. நீங்க கேக்கல. டவுன்காரவுக கேக்க மாட்டாக போல.

ஒங்க கம்பெனி காலண்டரு நல்லாத்தான் வந்துருந்துச்சு. ஊரு பூராவும் ஓசியில குடுத்தீகள்ல. எங்க வீட்டுலயும் தொங்குது. வானம் பூராவும் பறவ, ஒண்ணுகூட மரத்துல இல்ல. கீள ஒங்க பேரு. மேல சாமி படம் போடாம பறவ படம் போட்டாகளேன்னு ராக்காயி கெளவிக்குத்தான் கோவம். நான் அதையே பாத்துக்கிட்டிருப்பேன். பறவைக்குப் பின்னால தூரத்துல எங்க கண்மாய் மடை தெரியுது, மடைக்கு மேல அரசமரம். கரையில நின்னு எடுத்தா மடை முதுகுக்குப் பின்னால போயிரும். திட்டுலருந்து எடுத்தாத்தான் அப்பிடித் தெரியும். நான் போயி ஊர்ப் பெரியவரு ராஜபாண்டியன் மாமாகிட்ட காட்டுனேன். அவரு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல மரத்த நகட்டியிருப்பாக தாயின்னாரு. கம்ப்யூட்டரு மேல அம்புட்டு நம்பிக்க.

ஆமா, கம்ப்யூட்டர்லதான். நீங்க சொன்னா சரி.

எந்திரிக்காதா? எந்திரிக்கும் சார். வெயிலு ஏறுனா ஒண்ணொண்ணா இரைக்குப் போகும். மொத்தமா எந்திரிக்காது. மொத்தமா எந்திரிக்கணும்னா அதுகளுக்கு உசுருக்குப் பயம் வரணும்.

என்ன சொன்னீக? ஒரு சத்தம் குடுத்தாவா.

கையத் தட்டவா. ம்.

இல்ல, கேட்டுச்சு. யோசிக்கேன்.

போன வருசம் நடந்தது தெரியும்ல ஒங்களுக்கு. தை மாசம். நீங்களும் அன்னைக்கு வந்திருந்தீகன்னு சொன்னாகளே. ஒங்க வாயால சொல்லுங்க, கேப்போம்.

ஓ. நீங்க கரையில இருந்தீகளா. கார்லயா. சரி. சத்தம் கேட்டுத்தான் எறங்குனீகளா. அந்தத் தெப்பம் ஓட்டுற பயதான் வெளாட்டுக்கு வெடியப் போட்டுட்டானா. திருட்டுப் பயலா. முளியே சரியில்லையா.

அது சரி.

ஊரும் அப்பிடித்தான் சொல்லுச்சு. நான் சொல்றேன், ஊரு சொன்னது. திட்டுல ஒரு ஷாட்டு வெடிச்சுச்சு, மேல போயி பூவா விரியுற சாதி. பகல்ல என்ன பூ தெரியும், சத்தம்தான். அம்புட்டுப் பறவையும் ஒரே தூக்கா எந்திரிச்சுச்சு. தை மாசம்னா பாதி முட்ட, பாதி கண்ணு தொறக்காத குஞ்சு. தாயி ஒதறி எந்திரிச்ச வேகத்துல கூட்டுலருந்து எல்லாம் கொட்டுச்சு. மாம்பூ காத்துல கொட்டும்ல, அப்பிடி. சேத்துல விளுந்தது சேத்துலயே போச்சு. மரத்துல மிஞ்சுனத பருந்தும் காக்காயும் தூக்குச்சு. எங்கூர்ல ஒரு பேச்சு உண்டு, பறவ எந்திரிச்சா ஊரு எந்திரிக்கும்னு. வானத்துல கூட்டமாப் பாத்தவுடனே போட்டது போட்டபடி எல்லாரும் கரைக்கு ஓடியாந்தாக. வந்து பாத்தா திட்டுல ஒரே ஒருத்தன் நிக்கான். கையில ஒரு உரச்சாக்கு. சாக்குக்குள்ள குஞ்சு. காலடியில வெடிச்ச கொளா. வேற என்ன வேணும் ஊருக்கு.

ஒங்களையும் கேட்டாகள்ல? ஆமா, சேரு போட்டு ஒக்கார வச்சுக் கேட்டாக. அவன நிக்க வச்சுக் கேட்டாக. நீங்க சொன்னீக, நான் திட்டுல காலே வச்சதில்ல, இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம்னு. எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு, எம்புட்டுப் பெரிய மொதலாளி, நம்ம ஆத்தா மேல சத்தியம் பண்றாரேன்னு. பாதி ஊரு ஒங்க கம்பெனியிலதான வேல பாக்கு. கலங்காம என்ன செய்யும்.

இப்ப அதுக்கென்னவா? ஒண்ணுமில்ல. பேச்சுக்குச் சொன்னேன்.

தாகமா இருக்கா? தண்ணி பாட்டிலு தெப்பத்துல இருக்கு. நான் எடுத்துட்டு வாரேன். நீங்க எந்திரிக்காதீக, அந்தக் கூளக்கடா ஒங்களயே பாக்கு.

இந்தாங்க, புடிங்க. தூக்கிப் போடுறேன். நல்லாப் புடிச்சீக. ரெண்டு பாட்டிலு இருக்கு, அதையும் புடிங்க. இந்த முறுக்குப் பொட்டலத்தையும். நெழலு அந்த மரத்துக்கு அடியில இருக்கும், மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கம் வந்துரும். அதுகள மாதிரியே நகந்து நகந்து ஒக்காந்துக்கங்க.

இல்ல, நான் ஏறல. எதுக்கு ஏறணும்?

தெப்பம் தானா நகரல சார், நாந்தான் கம்ப ஊனித் தள்ளுறேன். கால வைக்காதீக. சொன்னேன்ல எரும. எடுங்க, எடுங்க கால. அந்த வேரப் புடிச்சு ஏறுங்க. செருப்பு போனாப் போகுது.

ஃபோனு டப்பாவுல இருக்கு. டப்பா எங்கிட்ட இருக்கு. திருட மாட்டேன், பயப்படாதீக. ராஜபாண்டியன் மாமா கையில குடுத்துருவேன், அவருகிட்ட வாங்கிக்கங்க.

கோவப்படாதீக. சத்தம் கூடுது பாருங்க, அந்த நத்தகுத்தி தலையத் தூக்கிருச்சு.

யாரு மகளுன்னு இப்பக் கேக்கீக. பரவாயில்ல, இப்பவாவது. தங்கத்தாய் மக. மாரீஸ்வரன் தங்கச்சி. மாரீஸ்வரன் யாருன்னு நான் சொல்ல வேண்டாம்ல, அதான் திருட்டுப் பய. முளி சரியில்லாதவன்.

அவன் எங்கிட்ட சொல்லிட்டான் சார். அன்னைக்கே சொன்னான். நீங்க பையிலருந்து ஷாட்ட எடுத்தது, வேண்டாம் சார்னு அவன் கையப் புடிச்சது, நீங்க ஒரே ஒரு படம்டா தம்பின்னு சொல்லி பத்த வச்சது. எடுத்து முடிச்சதும் என்னயக் கரையில விட்டுரு சீக்கிரம்னீக. விட்டான். ஊரு கரைக்கு வந்து சேர அர மணி ஆகும், விட்டுட்டு அவனும் வீட்டுக்கு ஓடியிருந்தான்னா ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காது. அந்தக் கூறுகெட்டவன் சாக்க எடுத்துக்கிட்டு திரும்பித் திட்டுக்குப் போனான், விளுந்த குஞ்செல்லாம் பெறக்க. அதான் மாட்டுனான். அதையும் சொன்னான் ஊர்ல. ஒருத்தரும் நம்பல. நீங்க கார்ல ஏசி போட்டு ஒக்காந்திருந்தீக, அவன் மேலெல்லாம் சேறு.

தண்டன என்னன்னு கேட்டீகளா அப்பறம்? கேட்டுருக்க மாட்டீக. தீயால பறவைய எளுப்புன கை, மறுவருசம் குஞ்சு பறக்குற வரைக்கும் ஊருக்குள்ள தீயத் தொடக் கூடாது. எந்தக் காலத்துலயோ வச்சது. கேக்கச் சிரிப்பா இருக்கும். அடுப்பு பத்த வைக்கக் கூடாது, வெளக்கு ஏத்தக் கூடாது. தீப்பெட்டியும் வெடியும் செய்யிற ஊர்ல தீயத் தொடாதவன் எங்க வேலைக்குப் போவான்? எதுத்தாப்புல வந்தாப் பொம்பளைக தீப்பெட்டிய முந்தானையில மறைப்பாக. ரெண்டு மாசம் பொறுத்தான். அப்பறம் திருப்பூருக்கு சாயப்பட்டறைக்குப் போயிட்டான்.

எங்கம்மா ஆடி மாசம் செத்துப்போச்சு.

நெஞ்சு வலி. அவன் திருப்பூர்லருந்து வந்து சேந்தான். மொட்ட போட்டு, தோள்ல கொடத்தத் தூக்கி, எல்லாம் சரியா நடந்துச்சு. கொள்ளி வாங்கக் கைய நீட்டுறான், ராஜபாண்டியன் மாமா குறுக்க வந்து நிக்காரு. அவரும் அளுகுறாரு, ஆனா நிக்காரு. இந்தச் சட்டத்த வச்சவுக ஒருத்தரும் பொணத்த நெனச்சு வைக்கல. ஆனா வச்சத எடுக்குறதுக்கு ஒருத்தருக்கும் தைரியமில்ல. எங்கப்பா குடிச்சிட்டு எங்கயோ கெடந்தாரு. கூட்டத்துல ஒருத்தரு சொன்னாரு, பொட்டப்புள்ள இருக்குல்ல, அது வைக்கட்டும்னு. நான் வச்சேன். அவன் பத்தடி தள்ளி வெறுங்கையோட நின்னான். நான் எங்கம்மாவப் பாக்கல சார். அவன் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அது நீட்டுனபடியே இருந்துச்சு.

மன்னிப்பா? எங்கிட்டயா? எனக்கு எதுக்கு அது? நான் வச்சு என்ன செய்ய?

இல்ல, வேலையும் வேண்டாம். ஆபீஸ்ல ஏசியில ஒக்காந்து என்ன செய்வேன், எனக்குத்தான் கணக்கு வராதே.

இன்னும் கொஞ்ச நாள்ல குஞ்செல்லாம் பறந்து போனதும் அவன் தண்டன முடியுது. வாடான்னேன். தண்டன முடிஞ்சா கைக்குத்தான் சுத்தம், பேர யாரு சுத்தம் பண்ணுவான்னு கேக்கான். நியாயந்தான. அதான் நீங்க ஃபோன் பண்ணி தெப்பம் கெடைக்குமான்னு கேட்டதும் வாங்கன்னுட்டேன். மாசியிலயே கேட்டீக. இன்னும் கொஞ்சம் பொறுங்க சார், தண்ணி சரியில்லைன்னேன். பொய்தான் அது. தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு.

ஒண்ணு சொல்லிர்றேன். கையத் தட்டுன்னு நீங்க சொன்னதுக்காக விட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்காதீக. நீங்க வாயவே தொறக்காம இருந்தாலும் விட்டுட்டுத்தான் போயிருப்பேன். ஆனா சொன்னீக பாருங்க, அப்ப கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சு.

இப்ப என்ன செய்யலாம்னு கேக்கீகளா. ரெண்டு வழி இருக்கு. சத்தம் போடாம அப்பிடியே ஒக்காந்திருக்கலாம். சாயங்காலம் வேன் வந்து ஆள் எறங்குனதும் நானே போயிச் சொல்லிருவேன், கம்பெனி மொதலாளி திட்டுல இருக்காருன்னு. காலே வைக்காத மொதலாளி. இல்லாட்டி கத்தலாம். கத்துனா பறவ எந்திரிக்கும். பறவ எந்திரிச்சா ஊரு எந்திரிக்கும். கம்பெனிக்குப் போகாதவுக இருக்காக, கெளவன் கெளவியெல்லாம் இருக்காக, ராஜபாண்டியன் மாமா இருக்காரு. வந்து கரையில நிப்பாக. அப்ப சேரு போட மாட்டாக.

எப்பிடி வந்தாலும் போன வருசம் வெடியப் பத்த வச்சது யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும், ஒங்க கை ஒரு வருசத்துக்கு எங்கூர்ல தீயத் தொடக் கூடாது. ஆயுத பூசைக்குக் கம்பெனியில மொத வெளக்கு நீங்கதான ஏத்துவீக? ஏத்துங்க. எங்காளுக பாத்துக்கிட்டு நிப்பாக, ஒருத்தரும் கையெடுத்துக் கும்புட மாட்டாக. அடுத்த நாளு வெடிமருந்து கலக்குற செட்டுக்குள்ள போறதுக்கு ஒருத்தருக்கும் காலு வராது. வெடி வேலையில எல்லாத்துக்கும் பயம் உண்டு சார், சகுனம் பாக்காத ஆளு கெடையாது. ஒங்களுக்கே தெரியும்.

கேமராவ நீங்களே வச்சுக்கங்க. வானத்தப் பாத்து வச்சுக்கங்க, போன வருசத்தவிட நல்லா வரும். போன வருசம் ஷாட்டு வேண்டியதிருந்துச்சு. இந்த வருசம் ஒங்க தொண்டையே போதும்.

இருங்க இருங்க. நான் மடைப் பக்கம் ஒதுங்கிக்கிறேன். பதறி எந்திரிச்சா எம்மேலதான் எச்சம் அடிக்கும்.

குஞ்சுகளுக்கு ஒண்ணும் ஆகாது, அதப்பத்தி யோசிக்காதீக. எல்லாத்துக்கும் றெக்க மொளச்சிருச்சு. நேத்து கடைசிக் குஞ்சும் மரம் விட்டு மரம் தாவிருச்சு, நான் கரையில நின்னு பாத்தேன். அதுக்குத்தான் பங்குனி வரைக்கும் பொறுத்தேன்.

ம். இப்பக் கத்துங்க.